கடைசிப் பத்தி

செண்பகவல்லிக்குக் கோபம் வரக் கேள்வித்தாளே போதும்.

கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். பதினோரு பேருக்குப் பதினேழு வயது. ஒருத்திக்கு நாற்பத்து மூன்று. சொல்லிக்கொடுக்கும் ரோஸ்லினுக்கு இருபத்தொன்பது.

ரோஸ்லின் செண்பகவல்லியை அக்கா என்பாள். செண்பகவல்லி ரோஸ்லினை மிஸ் என்பாள். இருவரும் மரியாதை குறையாமல்தான் சண்டை போடுவார்கள். வாரம் தவறாமல் போடுவார்கள்.

செண்பகவல்லி கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவள். பத்திரம், மனு, பிரமாண வாக்குமூலம், எதுவானாலும் சரி. தமிழிலும் அடிப்பாள், இங்கிலீஷிலும் அடிப்பாள். தேடினாலும் ஒரு பிழை கிடைக்காது. வகுப்பில் வைக்கும் மாதிரித் தேர்வுத் தாள்களைக்கூட அவள்தான் அடித்துக் கொடுப்பாள்.

"கேள்வியெல்லாம் முன்னாடியே பார்த்துருவாங்களே, மேடம்" என்று ஒரு பையனின் அப்பா வந்து கேட்டார்.

ரோஸ்லின் சிரித்தாள். "அடிப்பாங்க சார். பார்க்க மாட்டாங்க."

அவருக்குப் புரியவில்லை. கோர்ட்டு வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் புரிந்திருக்கும். அங்கே டைப் அடிப்பவர்கள் அர்த்தத்தைப் பார்த்தால் கை நின்றுவிடும். கை நின்றால் பிழைப்பு நின்றுவிடும்.

நிஜத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. போன வருஷம் இரண்டரை மதிப்பெண்ணில் இடம் போயிற்று. இந்தத் தடவையும் போனால் இனி எழுதுவதில்லை என்று செண்பகவல்லி மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் தோற்றது படிக்காததால் அல்ல. அந்தத் தேர்வில் ஒரு பக்கத்துக்கு ஒரு விதியை விளக்கி எழுதியிருப்பார்கள். கீழே ஒரு சம்பவம் இருக்கும். அந்த விதி என்ன சொல்கிறதோ அதை வைத்து விடை போட வேண்டும். நியாயம் எது என்று யாரும் கேட்பதில்லை. செண்பகவல்லி நியாயத்தைத்தான் போடுவாள். தப்பாகும். தப்புக்குக் கால் மதிப்பெண் வேறு போகும்.

அந்த வகுப்பில் ஆளுக்கொரு தப்பு நோட்டு உண்டு. தப்பாய்ப் போட்ட கேள்வியை அதில் எழுதி, ஏன் தப்பானது என்று பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். பிள்ளைகள் 'அவசரம்' என்றும் 'சரியாகப் படிக்கவில்லை' என்றும் எழுதுவார்கள். செண்பகவல்லியின் நோட்டில் வேறு மாதிரி இருக்கும். 'விதி தப்பு.' 'முதலாளிக்காக எழுதின விதி.' ஓரிடத்தில், 'இதை எழுதினவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.'

அன்றைக்கு அவள் வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தாள். படியேறி வந்தவள் பையை மேசையில் வைக்கவில்லை, போட்டாள்.

"என்னக்கா?" என்றாள் ரோஸ்லின்.

"நேத்து ஒரு லெட்டர் அடிச்சேன், மிஸ். கடம்பூர்ப் பிள்ளை ஒண்ணு, மாடத்தின்னு பேரு. இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. புருஷன் மில்லுல மிஷின்ல மாட்டிச் செத்து ரெண்டு மாசம் ஆகுது. மில்லு மேல எனக்கு ஒரு உரிமையும் கிடையாதுன்னு அவகிட்ட எழுதி வாங்குதாக. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரரு செத்தப்போ சொன்ன அதே வக்கீலு, அதே பேச்சு. கேஸ் நிக்காதாம். திங்கக்கிழமை காலையில கையெழுத்து."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யச் சொல்லுதீக? வக்கீலு குமாஸ்தா சொல்லச் சொல்ல அடிச்சுக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை எதுக்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கு. என் கையை வெட்டிப் போடணும்போல வந்துச்சு."

ரோஸ்லின் தேர்வுத் தாளைக் கொடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆரம்பிங்க."

முடிந்ததும் நூற்றிருபது கேள்விகளின் விடைகளையும் வரிசையாகத் திருத்த ஆரம்பித்தார்கள். நாற்பத்தேழாவது கேள்வியைப் பதினோரு பிள்ளைகளும் சரியாகப் போட்டிருந்தார்கள். தப்பாய்ப் போட்டவள் செண்பகவல்லி ஒருத்திதான்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இது எப்படித் தப்பாகும்?"

"தப்புதான், அக்கா."

"மிஸ், உங்க பேச்சைக் கேட்டுத்தான் போட்டேன். நியாயம் பாக்காதீக, விதியைப் பாருங்கன்னு ஒரு வருஷமா உயிரை எடுத்தீக. இன்னைக்கு மனசைக் கல்லாக்கிக்கிட்டு, முதலாளிக்குப் பொறுப்பில்லைன்னு போட்டேன். போடும்போது என் வயிறு எரிஞ்சுச்சு. அதுவும் தப்பா?"

"அதுவும் தப்பு."

"அப்போ நியாயத்தைப் போட்டாலும் தப்பு, அநியாயத்தைப் போட்டாலும் தப்பு. என்ன பரீட்சை இது? மனுஷங்களைக் கிறுக்காக்குறதுக்கா?"

பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். ரோஸ்லினுக்கும் கோபம் வந்தது. அவளுக்கும் அது சீக்கிரம் வரும்.

"பேசேஜைப் படிங்க."

"எதுக்கு? எனக்குத் தெரியும்."

"வகுப்புல வழக்கம் இருக்குல்ல? தப்பாப் போட்டவங்க எல்லாரு முன்னாடியும் படிச்சு அர்த்தம் சொல்லணும். உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

செண்பகவல்லி தாளைப் பிடுங்குவது போல எடுத்தாள். இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"வேலை செய்யுற இடத்துல தொழிலாளிக்கு அடிபட்டா முதலாளி நஷ்டஈடு கொடுக்கணும். பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவைத் தொழிலாளி வேணும்னே மீறி, அதனால அடிபட்டா, கொடுக்க வேண்டியதில்ல." தாளை இறக்கினாள். "இந்தா. இதுதான விதி? கீழ என்ன சம்பவம்? ஓடுற மிஷின்ல கை வைக்காதேன்னு போர்டு மாட்டியிருக்கு. அந்த ஆளு கை வச்சிருக்கான். சட்டை மாட்டி, ஆளு செத்திருக்கான். அப்போ பொறுப்பில்லதான?"

"படிங்க."

"படிச்சேனே."

"முழுசாப் படிங்க."

"வேணும்னே கை வச்சானாம்! எவன் வேணும்னே வைப்பான்? பஞ்சு அடைச்சுக்கிட்டு மிஷின் நின்னா மேஸ்திரி கத்துவான். நிறுத்தி எடுத்தா உற்பத்தி போச்சுன்னு கத்துவான். ஓட ஓடத்தான் எடுக்கணும். போர்டு சுவத்துலதான் தொங்கும். எங்க வீட்டுக்காரரு பதினாலு வருஷம் அப்படித்தான் எடுத்தாக. பதினாலு வருஷமா எவனும் கண்டுக்காத உத்தரவை அன்னைக்கு ஒரு நாள் மீறிட்டாகளாம்!"

அவள் அழவில்லை. அழுகிற இடத்திலெல்லாம் கோபப்பட்டே பழகியிருந்தாள்.

"இந்தக் கேள்வியை எதுக்கு வச்சீக, மிஸ்? என்னைக் குத்திக் காட்டவா?"

"உங்களுக்காகத்தான் வச்சேன்."

"எல்லாப் பிள்ளைக முன்னாடியும் வச்சு."

"ஆமா. படிங்க."

"நான் படிக்கல."

ரோஸ்லின் மேசையை ஓங்கித் தட்டினாள். "இந்தத் தாளை யாரு டைப் அடிச்சது?"

"நான்தான்."

"எப்போ?"

"வியாழக்கிழமை."

"எத்தனை பத்தி இருக்கு?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். பிறகு தாளைப் பார்த்தாள்.

"நாலு" என்றாள்.

"ஒரு பத்திதான் படிச்சீங்க. அங்கேயே நின்னுக்கிட்டுச் சண்டை போடுறீங்க. வருஷம் பூரா அங்கேயேதான் நிக்கிறீங்க. நாலாவதைப் படிங்க."

செண்பகவல்லி படித்தாள். இங்கிலீஷில் வேகமாகப் படித்தாள். தமிழில் சொல்ல ஆரம்பித்தவள் மெதுவானாள்.

"ஆனால், உத்தரவை மீறினான்னு சொல்லி முதலாளி தப்பிக்கிறது, காயத்துக்கு மட்டும்தான். தொழிலாளி..."

நிறுத்தினாள்.

"சொல்லுங்க."

"தொழிலாளி இறந்துபோனா, அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. நஷ்டஈடு கொடுத்தே ஆகணும்."

கீழே பாத்திரக்கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் மாடிவரை கேட்டது.

"இது நீங்களா எழுதினதா, மிஸ்?"

"இல்ல."

"பரீட்சைக்காக எவனாவது கட்டினதா?"

"இல்லக்கா. நாட்டுல இருக்கிற சட்டம்."

"எப்ப இருந்து?"

"வெள்ளைக்காரன் காலத்துல இருந்து."

செண்பகவல்லி தப்பு நோட்டை எடுத்துச் சுவரில் எறிந்தாள். அது விழுந்து, விரிந்து கிடந்தது. ஒரு பிள்ளை எடுக்கப் போனாள். ரோஸ்லின் வேண்டாம் என்று கை காட்டினாள்.

"ஒம்பது வருஷம்! ஒம்பது வருஷமாச் சட்டத்தைத் திட்டிக்கிட்டிருக்கேன். சட்டமே மில்லுக்காரனுக்குத்தான்னு என் மகளுக்குச் சொல்லி வளத்திருக்கேன். அந்த வக்கீலு என் கண்ணு முன்னாடி புஸ்தகத்தை விரிச்சான். விரலை வச்சு வாசிச்சுக் காமிச்சான். 'பாத்தியாம்மா, உத்தரவை மீறினாக் கிடையாதுன்னு போட்டிருக்கு'ன்னான். நான் தலையை ஆட்டினேன். மூடி வச்சுட்டான்."

மூச்சு வாங்கினாள்.

"என்கிட்ட ஏன் நீங்க சொல்லல? இது உங்களுக்குத் தெரியும்தான?"

"சொன்னேன். ஆடி மாசம், இதே இடத்துல. உங்க வீட்டுக்காரர் விஷயத்துல சட்டம் வேற சொல்லுதுன்னு ஆரம்பிச்சேன். 'சட்டமாவது மண்ணாவது'ன்னு எழுந்திருச்சுப் போயிட்டீங்க. ரெண்டு வாரம் வகுப்புக்கே வரல."

செண்பகவல்லிக்கு அது நினைவு வந்தது. முகம் மாறியது. ஆனால் கோபம் இறங்கவில்லை, போக இடம் தேடியது.

"இப்போ கேஸ் போட முடியுமா?"

"ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும். ஏன் தாமதம்னு காரணம் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். ஏத்துக்குவாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்போ அவன் வீட்டுக்குப் போறேன்."

"யாரு வீட்டுக்கு?"

"அந்த வக்கீலு வீட்டுக்கு. ஞாயித்துக்கிழமை, வீட்டுலதான் இருப்பான். பொண்டாட்டி பிள்ளைக முன்னாடி நிக்க வச்சுக் கேக்கேன். நாறடிச்சுட்டு வாரேன்." பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ரோஸ்லின் வழியை மறிக்கவில்லை. கேட்டாள். "நேத்து அந்த லெட்டர்ல என்ன அடிச்சீங்க?"

"எந்த லெட்டர்?"

"மாடத்தி லெட்டர்."

"அதான் சொன்னேனே. உரிமை கிடையாதுன்னு."

"அப்படியே சொல்லுங்க. வார்த்தை மாறாம."

டைப் அடிப்பவர்களுக்கு அடித்தது மூளையில் இருக்காது, விரலில் இருக்கும். செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். பைவாரைப் பிடித்திருந்த விரல்கள் லேசாக அசைந்தன.

"கடம்பூரில் வசிக்கும் மாடத்தி ஆகிய நான் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதம். என் கணவர், நிர்வாகத்தின் பாதுகாப்பு உத்தரவை மீறி, ஓடும் இயந்திரத்தில் கை வைத்த காரணத்தால் விபத்துக்குள்ளாகி..."

விரல்கள் நின்றன.

"அப்புறம்?"

செண்பகவல்லி கண்ணைத் திறந்தாள்.

"இறந்துவிட்டார்" என்றாள்.

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் அவள் பேசாமல் நின்று அவர்கள் பார்த்ததில்லை.

கீழே கிடந்த நோட்டை அவளே குனிந்து எடுத்தாள். கசங்கிய தாளைக் கையால் நீவினாள்.

"இன்னும் எழுபத்து மூணு கேள்வி பாக்கி இருக்கு, மிஸ்" என்றாள். "பன்னெண்டு நாள்தான் இருக்கு."

ரோஸ்லின் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தேழாவது கேள்வி இருந்த தாளை மட்டும் தனியே உருவி அவள் கையில் கொடுத்தாள்.

"கடம்பூர் பஸ் பதினொண்ணே காலுக்கு. அந்தப் பிள்ளைக்கு நாலாவது பத்தியை முதல்ல படிச்சுக் காட்டுங்க."