தெருவே கும்பிட்ட சத்தம்

வீட்டு முற்றத்திலேயே பைக் சைலன்சரை அறுத்து ஒட்டி, கேட்ட சத்தத்தைக் கொண்டுவந்துவிடுவான் சுருளி. ஆனால், போன மாதம் பெண்டாட்டி பேச்சி செத்ததிலிருந்து அவன் வெல்டிங் மிஷினைத் தொடவே இல்லை. அவன் வாசலில்தான் புது பைக்கோடு வந்து நின்றார் பஞ்சாயத்து பிரசிடெண்டு தங்கமாயன்.

"டேய் சுருளி! நான் வண்டியில வந்தா தெருவே வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிடணும். அப்படி ஒரு சத்தம் வை. இல்லேன்னா உன் வீட்டுக் கரண்டைப் புடுங்கிருவேன்."

"வச்சிருவோம் தலைவரே."

சைலன்சரின் உள்குழாயை அறுத்தெறிந்தான். ஓட்டை போட்டான், அடைத்தான், மறுபடி போட்டான். நினைத்த சத்தம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பிரசிடெண்டு கிளம்பினார். வண்டி டமார் டமாரென்று வெடித்தது. கதவெல்லாம் திறந்தன. ஆம்பளைகள் தலைத்துண்டை அவிழ்த்து, குனிந்து கும்பிட்டார்கள். யாரென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் வண்டி கடந்துவிட்டது. பிரசிடெண்டு ஒரு கையால் மீசையை முறுக்கிக்கொண்டார். தெருமுனையில் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். பொம்பளைகள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே நின்றிருந்த சுருளியிடம், "எதுக்குடா கழுவுறாளுக?" என்றார்.

"பாடை போனா கழுவுறதுதானே தலைவரே? இது சாவு வேட்டுச் சத்தம். எம் பேச்சிய தூக்கிட்டுப் போனப்ப தெருவே இப்படித்தான் கும்பிட்டுச்சு. நீங்கதான் வரலையே. உசிரோட இருக்கிறவுகளக் கும்பிட வைக்கிற சத்தம் எனக்கு வைக்கத் தெரியாது."

பிரசிடெண்டு வண்டியை அணைத்து, ஈரத் தெரு வழியே உருட்டிக்கொண்டு திரும்பினார். வாசலில் உட்கார்ந்திருந்த ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.