காலி மாடத்துக் கை

முன்னொரு காலத்தில் கொற்றலூர் நாட்டைத் திருமேனிராயன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது அவனுக்கு. திடீரென்று ஒருநாள், நாட்டின் பெரிய மனிதர்களைச் சபை மண்டபத்தில் சிலையாக வைக்க ஆசை வந்தது. சிலை வைக்கும் சுவர் மாடங்களெல்லாம் நிரம்பி ஒன்று மட்டும் மிஞ்சியது.

"அது என் தகப்பனாருக்கு," என்றார் படைத்தலைவரான தளவாய் வயிரவரையர்.

மந்திரி பூதலிங்கம் எழுந்தார். "மகாராஜா, போன ஐப்பசி வெள்ளத்தில் ஏரிக்குள் முங்கி, மதகைத் திறந்து, ஊரைக் காப்பாற்றிச் செத்தானே கருத்தான், அவனுக்குக் கொடுங்கள். பிணம்கூடக் கிடைக்கவில்லை. அவன் பெண்சாதி வெள்ளச்சி விளக்கேற்ற ஓர் இடமில்லாமல் தவிக்கிறாள்."

அவள் அழுத அழுகை மந்திரியின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

தளவாய்க்கு மந்திரிமேல் தீராத வயிற்றெரிச்சல். "அவன் மூஞ்சியை இந்தச் சபையில் யார் பார்த்தது? முகம் தெரியாதவனுக்குச் சிலையா?"

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "பூதலிங்கம், பார்த்தவுடன் நான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அப்படியொரு சிலை வையும். தவறினால் மாடமும் தளவாய்க்கு, உம்முடைய பதவியும் தளவாய்க்கு."

மந்திரி சம்மதித்தார். வெள்ளம் வந்த அந்தத் தெப்பத் திருவிழாவன்று, ஏரியில் ராஜாவின் பக்கத்தில் நின்றவர் அவர்தானே.

சிலை வந்தது. திரையை விலக்கினார்கள். உடம்பில்லை, தலையில்லை. அலையாகச் செதுக்கிய கல்லிலிருந்து ஒரே ஒரு கை, விரல்களை விரித்தபடி மேலே எழும்பியிருந்தது.

"தலை எங்கே ஓய்?" என்று தளவாய் சிரித்தார்.

ராஜா சிரிக்கவில்லை. "இந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன்."

"எங்கே, மகாராஜா?" என்றார் மந்திரி.

"தெப்பத்திலிருந்து. மேற்கே மழை கொட்டி ஏரி தளும்பியது. திருவிழா முடிகிறவரை மதகைத் திறக்காதே என்று நான்தான் அடம்பிடித்தேன். அப்போது தண்ணீருக்கு மேலே இந்தக் கை வந்தது. எவனோ என்னை வாழ்த்துகிறான் என்று நினைத்து, நானும் கையசைத்தேன்."

ராஜா வெள்ளச்சியை வரவழைத்தான். அவள் விளக்கேற்றும்வரை விளக்குத் தட்டைத் தளவாயே ஏந்தி நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டான்.

அவள் கல் விரல்களைத் தன் விரல்களோடு கோத்துக்கொண்டாள். "கரையிலிருந்து நானும் இதைத்தான் பார்த்தேன், மகாராசா. பிடிக்கத்தான் ஆளில்லாமப் போச்சு."

அவள் அழுதாள். மந்திரியும் அழுதார். ஜெயித்த பந்தயம் அவருக்கு நினைவிலேயே இல்லை.

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யார் வணங்கினாலும் ராஜா தலையை மட்டும் தாழ்த்துவான். சாகும்வரை அங்கே அவன் கை எழும்பவேயில்லை.