பேய்க்கதைக்குள் உடும்பு புகுந்தது

அந்தக் காலத்தில், விலங்குகளும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்தபோது, கரட்டுக்காட்டில் பேய்க்கதை சொல்ல முள்ளம்பன்றி கூராயியை விட்டால் ஆள் கிடையாது. பேய் வரும் இடத்தில் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, முட்களைச் சிலிர்த்துக் கலகலவென்று ஆட்டுவாள். கேட்டுக்கொண்டிருக்கும் முயல்களுக்கு ஈரக்குலை நடுங்கும்.

கூராயி பொழுதுபோகாமல் கதை சொல்லவில்லை. அந்தக் கோடையில் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. அதில் ஒரு முதலை வந்து குடியேறியிருந்தது. ஒருநாள் அது கூராயியையே கவ்வி, வாயெல்லாம் முள் குத்தியதும் துப்பிவிட்டது. அப்படிப் பிழைத்து வந்தவள் என்பதால் அது எங்கே பதுங்கும், எப்படித் தெரியும் என்ற அடையாளம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முயல்களிடம் அதை நேராகச் சொல்லித்தான் பார்த்தாள். புல்லை மென்றுகொண்டே தலையாட்டின, மடுவுக்குப் போவதற்குள் மறந்தும் போயின. பயந்தால்தான் மனதில் நிற்கும் என்று முடிவுகட்டி, முதலையைப் பேயாக்கி, மடுவாயன் என்று பெயரும் வைத்தாள். தினமும் சாயங்காலம் முயல்கள் தண்ணீருக்குக் கிளம்பும் முன் கதை நடக்கும். அடையாளத்தைக் கதையின் கடைசி வரியில் வைத்திருந்தாள்.

அப்படியும் தினம் ஒரு முயல் குறைந்தது. செவ்வந்தி என்ற முயலுக்கு மூன்று குட்டிகள். அதில் இரண்டு போய்விட்டன. "கதையைத் தவறாமத்தானே கேக்கறோம் அக்கா, அப்புறமும் ஏன் இப்படி?" என்று அவள் கேட்டபோது கூராயிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பயம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கதையில் இன்னும் நான்கு எலும்புக்கூடுகளைச் சேர்த்தாள். அன்றைக்கு இரண்டு முயல்கள் திரும்பவில்லை.

மறுநாள் செவ்வந்தி மிச்சமிருந்த ஒரே குட்டியை அணைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இந்தக் குட்டியையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று கூராயி உயிரைக் கொடுத்துக் கதை சொன்னாள். மடுவாயன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தான். கூராயி முதுகைத் திருப்பி முட்களை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து ஒரு அலறல் கிளம்பியது.

"ஐயோ, மடுவாயன் என்னைப் புடிச்சுட்டான்! விடச் சொல்லுங்க!"

உடும்பு சூரப்பன்தான். பேயாவது பிசாசாவது என்று காடெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறவன், திருட்டுத்தனமாக ஒளிந்து கதை கேட்டிருக்கிறான். பயத்தில் பக்கத்தில் கிடந்த கட்டையை நாலு காலாலும் கட்டிக்கொண்டுவிட்டான். உடும்புப் பிடியாயிற்றே, லேசில் விடுமா? கட்டையும் அவனுமாகச் சரிவில் உருண்டு வந்து சபை நடுவில் விழுந்தார்கள்.

"யாரு யாரைப் புடிச்சிருக்கான்னு கொஞ்சம் குனிஞ்சு பாரு," என்றாள் செவ்வந்தி.

சூரப்பன் குனிந்து பார்த்தான். "நான்தான் புடிச்சு வச்சிருக்கேன். விட்டா உங்க கதி என்ன ஆகுறது?" என்றான், பிடியைத் தளர்த்தாமலே.

முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்த செவ்வந்திக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

கூராயிக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் வாலில் ஒரு முள்ளைச் சொருகிவிடுவது என்று திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். முதுகோடு ஒட்டி மடங்கிக் கிடந்த முயல் காதுகள், சிரிக்கச் சிரிக்க ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன. பயந்தால் முயல் காதை மடக்கிக்கொள்ளும். எப்போதும் முதுகைக் காட்டியே கதையை முடித்தவளுக்கு இது எங்கே தெரிந்தது? பாவி, இத்தனை நாளும் கடைசி வரியை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பயம் இன்னும் அவர்கள் கண்ணில் இருக்கிறது, காதும் திறந்திருக்கிறது. இந்த நொடியை விட்டால் போச்சு. முள்ளை ஆட்டாமல், முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"காத்தடிச்சும் நகராம தண்ணி மேல ரெண்டு குமிழ் நின்னா, அதுதான் அவன் கண்ணு. அங்க வாய் வைக்காதீங்க."

அன்று மடுக்கரையில் நல்ல காற்று. சருகு நகர்ந்தது, நுரை நகர்ந்தது. குட்டி குனியப் போன இடத்தில் இரண்டு குமிழ்கள் மட்டும் அசையவில்லை. செவ்வந்தி குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு ஒரே தாவாகத் தாவினாள். முதலையின் வாய்க்கு வெறும் காற்றுதான் கிடைத்தது. அன்று தண்ணீருக்குப் போன முயல்கள் அத்தனையும் வீடு திரும்பின.

அவர்களை எண்ணி எண்ணிப் பார்த்து அழுத கூராயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சூரப்பனிடம் போனாள். நாளைக்கும் வந்துவிட வேண்டும் என்றாள்.

"கட்டையோடவா அக்கா?"

"கட்டையோடதான். ஆனா நான் சொல்ற இடத்துல மட்டும் வரணும்."

"கதையில என்னைச் சாகடிச்சுட மாட்டீங்களே?"

"அது கதையைப் பொறுத்தது," என்றாள் கூராயி.

அன்று முதல்தான், எப்பேர்ப்பட்ட திகில் நாவலாக இருந்தாலும், நடுவில் ஒரு சூரப்பன் எதையாவது கட்டிக்கொண்டு அலறியபடி உருண்டு வருகிறான். நாமும் சிரிக்கிறோம். சிரித்த கையோடு அடுத்த வரியைக் கவனமாகப் படியுங்கள். நம் காது நிமிரட்டும் என்றுதான் கூராயி அதைச் சொல்லாமல் காத்திருந்தாள்.