சுண்ணாம்பு போடாத ஆரத்தி

கிட்ட வந்து உட்காருங்க, இது உரக்கச் சொல்ற கதையில்லை.

சாயப்பட்டறை முதலாளி தெய்வசிகாமணி, சாயக்கழிவைச் சவ்வு மிஷினில் வடிகட்டி வயலுக்கு விடுவதாகப் பெருமை பேசுவார். கரண்டுச் செலவுக்குப் பயந்து மிஷினை ஓட்டுவதேயில்லை. அவரிடம் வயல்காட்டைக் குத்தகைக்கு எடுத்த பாவாத்தாளின் சோளம் அந்தத் தண்ணி பாய்ஞ்சு கருகிப்போச்சு.

தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருகிற நாள் அவளைக் கூப்பிட்டார். "நீதான் ஆரத்தி எடுக்கணும். தண்ணியைக் குறை சொன்னே, குத்தகை போச்சு."

"நான் எதுக்குங்க குறை சொல்றேன்?" என்றாள்.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கியதும், எல்லாரும் பார்க்க வயல் குழாயில் தண்ணீர் பிடித்து மஞ்சளைக் கரைத்தாள். தட்டு ரத்தமாய்ச் சிவந்தது.

"சுண்ணாம்பு அதிகமாயிருச்சாம்மா?" அதிகாரி சிரித்தார்.

"சுண்ணாம்பே போடலீங்க சாமி, வெறும் மஞ்சள்தான். சிவக்க வைக்கற காரமெல்லாம் மொதலாளி தண்ணியிலயே இருக்குதுங்க."

அதிகாரி தட்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். 'தண்ணீர் சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கே காட்டைக் காலி பண்ணுடி!" என்றார் முதலாளி.

"ஆகட்டுங்க" என்ற பாவாத்தாள், அந்தச் சிவப்பை விரலால் தொட்டு, ஊரே பார்க்க அதிகாரியின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தாள்.