இரண்டு சொட்டு

அந்த மேல்நிலைப் பள்ளியின் வாசலில் வருஷா வருஷம் ஒரு பலகை கட்டுவார்கள். 'பிளஸ் டூ தேர்ச்சி நூறு சதவீதம்.' தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால், நூறு வராமல் எங்கே போகும்?

இந்த வருஷம் பேச்சியம்மாளின் முறை.

வேதியியல் ஆசிரியர் மாசிலாமணியிடம் டி.சி. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார் தலைமையாசிரியர். சாயங்காலத்துக்குள் பேச்சியின் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். அந்த மனிதர் செங்கல் சூளையிலிருந்து அப்படியே வந்து, ஆய்வக வாசலில் மகளோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மாசிலாமணி உள்ளே போனார்.

உள்ளே அருளாயி டீச்சர் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மாசிலாமணிக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இப்போது இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை.

"டீச்சர், எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத பிள்ளைய என்ன செய்யறது?"

டீச்சர் ஒரு குடுவையை நீட்டினார். "இதுல அமிலம் இருக்கு. மேல பியூரெட் குழாய்ல காரம் இருக்கு. அமிலம் தீர்ந்து நிறம் மாறுற வரைக்கும் விடு."

"இதெல்லாம் பிள்ளைங்க செய்யறது டீச்சர்."

"நீ பெரிய ஆளாயிட்ட, தெரியும். விடு."

மாசிலாமணி பியூரெட்டைத் திறந்தார். காரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. குடுவையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். நிறம் மாறவில்லை. வேகமாக விட்டார். பியூரெட்டே காலியானது. குடுவையில் வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது.

"அமிலம் சரியில்ல டீச்சர். கொட்டிடலாம்."

"கொட்டிருவியா?"

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, இரண்டு சொட்டு விட்டார். குடுவை முழுக்க ரோஸ் நிறமானது.

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார். "நிறங்காட்டி! அதை விடவே மறந்துட்டேன்."

"அமிலம் எப்ப தீர்ந்துச்சு?"

"தெரியலையே டீச்சர்."

"அதுகூடத் தெரியாமத்தான் கொட்டப் போன."

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், அந்த ரெண்டு சொட்டு எதுக்கு சார்?"

பேச்சிதான். வருஷம் பூராவும் வாய் திறக்காத பிள்ளை. "சும்மா இரு புள்ள" என்று அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

'ரெண்டு சொட்டு விடுங்க' என்று மாசிலாமணி வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். எதற்கென்று சொன்னதாக அவருக்கே ஞாபகம் இல்லை.

"உள்ள வாம்மா" என்றார்.

அவளுக்குப் பின்னாலேயே தலைமையாசிரியரும் வந்தார். "என்ன சார், கையெழுத்து ஆச்சா?"

மேசையில் காரம் சிந்திக் கிடந்தது. மாசிலாமணி டி.சி. விண்ணப்பத்தை எடுத்து, அதாலேயே மேசையைத் துடைத்தார்.

"யோவ், என்னய்யா பண்ற? நூறு போயிடும்யா!"

"போகட்டும் சார்" என்றார் அருளாயி டீச்சர். "தொண்ணூத்தொம்பதுன்னு எழுதினா பலகை கீழ விழுந்துடாது."

"இவ ஃபெயிலானா யாரு பதில் சொல்றது?"

"அந்தப் பலகையிலேயே சொல்லிருவோம். தோத்தவங்கன்னு கீழ ஒரு வரி போடுங்க. பேச்சி பேரு வேண்டாம். சொல்லிக்கொடுத்த மாசிலாமணி பேரை எழுதுங்க. அதுக்கு முன்னாடி என் பேரை எழுதுங்க. இவனும் என்கிட்ட படிச்சவன்தான்."