மூன்று தேனடையும் ஒரு தேக்கிலையும்

காட்டுக்கு நடுவே ஒரு குட்டை. குட்டை நிறைய எருமைகள். எருமை இருந்தால் உண்ணி இல்லாமல் இருக்குமா? அந்த உண்ணிகளைப் பிடுங்கித் தின்பதுதான் மஞ்சாயி என்ற மைனாவின் பிழைப்பு.

வேலையில் அவள் படு கெட்டிக்காரி! உண்ணியைப் பாதியில் பிய்த்தால் அதன் தலை தோலுக்குள்ளேயே தங்கிப் புண்ணாகிவிடும். மஞ்சாயி அலகைத் தோலோடு ஒட்டி வைத்து, அவசரப்படாமல், தலையோடு இழுப்பாள். எடுத்ததே எருமைக்குத் தெரியாது.

புருஷனைப் பருந்து தூக்கிப் போனபிறகு, இரண்டு குஞ்சுகளுக்கும் அவள் ஒருத்திதான் துணை. கோடையில் வெட்டுக்கிளி ஏது, புழு ஏது? உண்ணிதான் சோறு.

அதே குட்டையில் ஒரு காகமும் உண்ணி பிடுங்கியது. பிடுங்கியதா? குதறியது! ஒரு நாள் மானின் காதையே கிழித்துவிட்டது. மான் அழுதுகொண்டே கரடி ராஜாவிடம் ஓடியது.

கரடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே கண்டவனெல்லாம் உண்ணி எடுக்கக் கூடாது! பதிவு செஞ்சவங்கதான் எடுக்கணும்! பதிவுக்கு மூணு தேனடை!"

சட்டம் நல்லதுக்குத்தான். தேனடை எதற்கு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கேட்டது கரடி, அவ்வளவுதான்!

பதிவு செய்யும் வேலை நரிக்கு. மஞ்சாயி முதல் நாளே போய் நின்றாள்.

"ஐயா, ஒரு உண்ணி எடுக்கச் சொல்லிப் பாருங்களேன். எனக்கு வேலை தெரியுமான்னு உங்களுக்கே புரியும்!"

"வேலையை எல்லாம் நான் பார்க்கிறதில்லைம்மா. தேனடை எங்கே?"

காகத்துக்கு என்ன கவலை? குரங்குகள் கலைத்துப் போட்ட தேனடைகளைத் திருடிக்கொண்டுபோய்க் கொடுத்தது. பதிவுக்கு அடையாளமாக, ராஜாவின் நகக்கீறல் பதிந்த தேக்கிலை ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. எந்தக் காகத்தால் சட்டம் வந்ததோ, அந்தக் காகம்தான் முதல் ஆளாய்ப் பதிவானது!

மஞ்சாயி என்ன செய்வாள், பாவம்! நான்கு நாள் தேனீக்களிடம் கொட்டு வாங்கி, துண்டு துண்டாக இரண்டு அடை சேர்த்தாள். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. குஞ்சுகளுக்கு நடுநடுவே ஒன்றிரண்டு எறும்புதான் கொடுக்க முடிந்தது. இரண்டு அடையையும் வாங்கி வைத்துக்கொண்ட நரி, "இன்னும் ஒண்ணு பாக்கி" என்றது.

அன்று மாலை அவள் கூட்டுக்குத் திரும்பினாள். சின்னக் குஞ்சு வாயைத் திறக்கவில்லை. பசியில் செத்துக் கிடந்தது.

மறுநாள் காலை மஞ்சாயி நேராகக் குட்டைக்குப் பறந்து, கொம்பாயி என்ற எருமையின் முதுகில் இறங்கினாள்.

"தங்கச்சி, இலை இல்லாம ஏறிட்டியே! ராஜா சிறகைப் பிடுங்கிடுவாரே!"

"பிடுங்கட்டும்க்கா! இருக்கிற ஒண்ணையாவது நான் காப்பாத்தணும். நீ அசையாம நில்லு!"

காகம் பறந்துபோய்க் கோள் மூட்டியது. கரடி வந்தது. தலையை ஒருக்களித்துக்கொண்டே வந்தது. முந்தாநாள் காகம் அதன் காதில் உண்ணி எடுத்திருந்தது. காது பணியாரம்போல உப்பியிருந்தது.

"உன் இலை எங்கே?"

"இல்லை, ராஜா. நான் எடுத்தது இதோ இருக்கு!" மஞ்சாயி பாறைமேல் ஏழு உண்ணிகளை வைத்திருந்தாள். ஏழும் தலையோடு இருந்தன. "உங்க காதில காகம் விட்டுட்டுப் போன தலையையும் எடுத்துடுவேன். எடுக்கட்டுமா, வேண்டாமா?"

கரடி அவளைப் பார்த்தது. காகத்தைப் பார்த்தது. தலையைத் தாழ்த்திக் காதைக் காட்டியது. மஞ்சாயி மெல்ல இழுத்தாள். கருப்பாய் ஒரு துணுக்கு வெளியே வந்தது. கரடி நிம்மதியாக மூச்சு விட்டது.

உடனே காகத்தின் இலையைக் கிழித்துப் போட்டது. "இனிமே தேனடை வேண்டாம்! தலையோட உண்ணி எடுத்துக் காட்டுறவங்களுக்குத்தான் இலை! மஞ்சாயி, உன் ரெண்டு அடையையும் திருப்பித் தரச் சொல்றேன்."

"அடையை நீங்களே வச்சுக்குங்க, ராஜா. அதைத் தேடி நான் அலைஞ்ச நாலு நாள்ல என் குஞ்சு செத்துப்போச்சு. அதை எப்படித் திருப்பித் தருவீங்க?"

மஞ்சாயி உண்ணிகளை அலகில் அள்ளிக்கொண்டு, பசியோடு காத்திருந்த மற்றக் குஞ்சிடம் பறந்தாள்.

தொழில் தெரியுமா என்று பார்க்காமல் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தால், தொழில் தெரியாதவன் உள்ளே வருவான், தெரிந்தவள் வீட்டில் பட்டினிச் சாவு விழும்.