தமுக்கு அடிக்க மறுத்த கிளைக்காரி

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருப்பவை எல்லாம் வாய் திறந்து பேசும். இப்போது மாதிரி முக்கல் முனகலோடு நிற்காது.

செவந்தி என்ற பெண்ணின் உடம்பில் ஒச்சான் என்றொரு காவலன் இருந்தான். இன்றைக்கு டாக்டர்கள் டி செல் என்கிறார்களே, அந்த ஜாதி. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரே ஒரு முகம்தான் பகை. அது என்ன முகம் என்று எதிரில் வரும்வரை அவனுக்கே தெரியாது. ஒச்சான் ஈட்டியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

ஆள் காட்டுவது கிளைக்காரியின் வேலை. உடம்பெல்லாம் கிளை கிளையாகக் கை முளைத்தவள், ஊர்சுற்றி. வேற்று ஆளைக் கண்டால் அவன் முகத்தில் ஒரு துணுக்கு கிள்ளி வருவாள். ஒரு கையால் அதைக் காட்டுவாள், மறு கையால் பாயச் சொல்லித் தமுக்கு அடிப்பாள். இரண்டையும் பிரிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஒருமுறை செவந்தியின் வயிற்றில் சின்னதாக ஒரு முகம் முளைத்தது. பாதி அவள் சாடை, மறுபாதி யாரோ. கிளைக்காரி அந்த மறுபாதியைக் காட்டித் தமுக்கடித்தாள். தன் முகம் வந்துவிட்டதென்று ஒச்சான் பாய்ந்தான். கதையை முடித்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பினான்.

செவந்தி நெஞ்சுக்கூடு குலுங்கக் குலுங்க அழுதாள். ஜெயித்த வீட்டில் எதற்கு ஒப்பாரி என்று கேட்டான் மடையன். கிளைக்காரிக்குத்தான் உறைத்தது. அந்த மறுபாதி செவந்தி புருஷனின் சாடை. வெட்டுப்பட்டது வீட்டுப் பிள்ளை. பாவம், அவள் மனசு வெந்துபோனாள்.

மறுபடி கரு தங்கியது. இந்தப் பிள்ளையை விடுவதில்லை என்று கிளைக்காரி முடிவு கட்டினாள். ஒளித்து வைத்தால் ஒருநாள் வேறொரு ஆள்காட்டி தமுக்கடித்து ஒச்சானுக்குக் காட்டியே தீருவான். அதனால் அவளே துணுக்கை எடுத்துப்போய் அவன் முன்னால் நீட்டினாள். தமுக்கைத் தொடவில்லை.

ஒச்சான் ஈட்டியை ஓங்கினான். சத்தம் வராததால் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"தமுக்கு எங்கே?"

"அடிக்க மாட்டேன்."

"இது என் பகை முகம்."

"இருக்கட்டும். நல்லாப் பாரு. பார்த்துக்கிட்டே இரு."

வீட்டுக்கு வினை வைக்கிறாள் என்று மற்ற காவலர்கள் ஏசினார்கள், பிடித்துத் தள்ளினார்கள். அவள் இம்மி நகரவில்லை. ஒச்சான் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் கை மரத்தது. பிறகு கோபம் மரத்தது. ஈட்டி தானாக நழுவி விழுந்தது.

விஷயம் தெரியாத இன்னொரு ஆள்காட்டி பிற்பாடு அதே முகத்தைக் கொண்டுவந்து, காது கிழியத் தமுக்கடித்தான். ஒச்சான் எழுந்திருக்கவில்லை. தண்டச்சோறு என்று கேலி பேசினார்கள்.

"பேசிட்டுப் போங்க. அந்த முகத்துக்கு இனி என் கை எழும்பாது" என்றான். வேறு முகத்தை அவனுக்குத் தெரியவும் தெரியாது. அவன் பிழைப்பு அதோடு போயிற்று.

பத்தாம் மாதம் பிள்ளை வீறிட்டு அழுதது. செவந்தி இந்தத் தடவையும் அழுதாள், சிரித்துக்கொண்டே.

அன்று முதல்தான், தமுக்கு இல்லாமல் முகத்தை மட்டும் கண்ட காவலன் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுகிறான். பிறகு எவன் வந்து தமுக்கடித்தாலும் எடுப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று அவனை யாரும் ஏசவேண்டாம். நீங்களும் நானும் பிறந்தது அவன் சும்மா இருந்ததால்தான்.